மூட்டு ஊசிக்குப் பிறகு சுகர் எகிறினால்: முதல் பத்து நாளுக்கான முழு வழிகாட்டி

செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு அம்மாவின் வலது முட்டியில் ஊசி போட்டார்கள். சாயங்காலமே வலி பாதியாகக் குறைந்துவிட்டது என்று மொட்டை மாடிக்கு ஏறிப்போய்க் காய்ந்த துணிகளை எடுத்து வந்தார். இரவு 9.30-க்கு மீட்டரில் பார்த்தால் 342. அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. அந்த மீட்டர் 250-ஐத் தாண்டி நாங்கள் பார்த்ததே இல்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரலில் குத்திப் பார்த்தோம். 336. "ஸ்ட்ரிப் கெட்டுப்போச்சோ என்னவோம்மா" என்றார் அம்மா.

ஸ்ட்ரிப் நன்றாகத்தான் இருந்தது. முட்டியில் போட்டது ஸ்டீராய்டு ஊசி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சுகர் ஏறும் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். எங்களிடம்தான் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு வாரத்தில் நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதையும், பிறகு எங்கள் சர்க்கரை நோய் மருத்துவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெளிந்ததையும் வரிசையாக எழுதுகிறேன். முட்டி, தோள்பட்டை, குதிகால், மடங்கி மாட்டிக்கொள்ளும் விரல், முதுகுத்தண்டு என்று எந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் இது பொருந்தும்.

முதலில், ஏன் ஏறுகிறது

மூட்டுக்குள் போடும் மருந்து மூட்டோடு நின்றுவிடும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். அப்படி நிற்பதில்லை. டிரையம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் நுண்ணிய துகள்களாக மூட்டுக்குள் தங்கி மெல்ல மெல்லக் கரைபவை. கரைவதில் ஒரு பங்கு ரத்தத்தில் கலக்கிறது. அது கல்லீரலை அதிகமாகக் குளுக்கோஸ் தயாரிக்கச் சொல்கிறது. தசைகளை இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்க விடாமல் செய்கிறது. சாப்பிட்டதில் வந்த சர்க்கரை தசைக்குள் போக வழியில்லாமல் ரத்தத்திலேயே சுற்றுகிறது.

அதனால்தான் இந்த ஏற்றம் சாப்பாட்டுக்குப் பின்பும், மதியம் தொடங்கி இரவு வரையிலும் அதிகம் தெரியும். காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் அளவும் கொஞ்சம் ஏறலாம், ஆனால் பெரிய ஆட்டம் சாப்பிட்ட பிறகுதான். பொதுவாக ஊசி போட்ட சில மணி நேரத்தில் ஆரம்பித்து, முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம்.

மூட்டுக்குள் நேரடியாக ஸ்டீராய்டு செலுத்தும் முறை 1951-லேயே அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஹாலண்டர் மருத்துவ இதழில் எழுதிய முறை. எழுபது வருடத்துக்கு மேல் பழகிய சிகிச்சை. பயந்து ஓட வேண்டியதில்லை. முன்னேற்பாடு இருந்தால் போதும்.

படி 1: ஊசிக்கு முன் கேட்க வேண்டியது

"இது ஸ்டீராய்டு ஊசியா, ஜெல் ஊசியா டாக்டர்?" இதுதான் முதல் கேள்வி. ஜெல் ஊசி என்று நாம் சொல்லும் ஹயலுரானிக் அமிலமும், சொந்த ரத்தத்திலிருந்து பிரித்துப் போடும் பிஆர்பி ஊசியும் ஸ்டீராய்டு வகை அல்ல. இந்த மாதிரி சுகரை ஏற்றாது. ஸ்டீராய்டு என்றால் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம் என்று சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அம்மாவுக்குப் போட்டது டிரையம்சினோலோன் 40 மில்லிகிராம். அது மறுநாள் போன் செய்தபோதுதான் எங்களுக்கே தெரியும்.

இரண்டு முட்டியிலும் ஒரே நாளில் போடலாமா என்று எலும்பு மருத்துவர் கேட்டால், சர்க்கரை நோயாளிகள் கொஞ்சம் யோசிப்பது நல்லது. மருந்து இரட்டிப்பானால் ஏற்றமும் கூடும். ஒன்றைப் போட்டுப் பார்த்து, சில வாரம் கழித்து அடுத்ததை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரி ரிப்போர்ட்டை, அதாவது எச்பிஏ1சி அளவை, கையில் கொண்டுபோங்கள். ஏற்கெனவே கட்டுப்பாடில்லாமல் இருப்பவருக்கு ஊசியைச் சில வாரம் தள்ளிப்போட்டு, முதலில் சுகரைக் குறைக்கச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், நல்லதற்குத்தான் சொல்கிறார்.

அப்புறம் ஒரு விஷயம், இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஊசியைத் திங்கள் அல்லது செவ்வாயில் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் போட்டால் சுகர் உச்சத்தில் இருக்கும் நேரம் ஞாயிற்றுக்கிழமை. போன் எடுக்க டாக்டர் இருக்க மாட்டார், பக்கத்து லேபும் மூடியிருக்கும்.

படி 2: வீட்டில் தயாராக வைக்க வேண்டியவை

குறைந்தது ஐம்பது ஸ்ட்ரிப், காலாவதி தேதி பார்த்து வாங்குங்கள். ஒரு நோட்டு, பேனா. குளுக்கோஸ் பவுடர் ஒரு டப்பா; இது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். சர்க்கரை நோய் மருத்துவரின் எண்ணையும், அவர் கிடைக்காவிட்டால் இரவில் போகக்கூடிய மருத்துவமனையின் எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஊசிக்கு முந்தைய இரண்டு நாள் காலையிலும் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்தும் அளவெடுங்கள். அம்மாவுக்கு அது 128, 176. இந்த இரண்டு எண்களும் இல்லையென்றால் பின்னால் எது ஏற்றம், எது வழக்கம் என்று உங்களுக்கே தெரியாது.

படி 3: எப்போது குத்திப் பார்ப்பது

பலர் காலையில் மட்டும் பார்த்து, "150 தான் இருக்கு, ஒண்ணும் ஏறலை" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஸ்டீராய்டு விஷயத்தில் காலை எண்ணை மட்டும் நம்பக் கூடாது. எங்கள் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன், உங்களுக்கே புரியும்:

செவ்வாய் (ஊசி போட்ட நாள்): மாலை 4 மணி 214, இரவு 342.
புதன்: காலை 168, மதியம் சாப்பிட்ட பின் 355, இரவு 328.
வியாழன்: காலை 151, மதியம் 288, இரவு 262.
வெள்ளி: காலை 139, மதியம் 236.
சனி: காலை 127, மதியம் 181.

புதன்கிழமை காலை 168-ஐப் பார்த்துவிட்டு, "நேத்து ராத்திரி ஏதோ தப்பா காட்டியிருக்கு" என்றுதான் நாங்களும் பேசிக்கொண்டோம். மதியம் 355 வந்ததும்தான் டாக்டருக்குப் போன் போட்டோம்.

ஆகவே முதல் மூன்று நாள் தினமும் நான்கு முறை: காலை வெறும் வயிற்றில், மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும் முன். நான்காம் நாளிலிருந்து அளவு இறங்குவது தெரிந்தால் இரண்டு முறையாகக் குறைக்கலாம். தொடர்ந்து மூன்று நாள் பழைய அளவுக்கு வரும் வரை நிறுத்தாதீர்கள். இன்சுலின் போடுபவர்கள் மருத்துவர் சொன்னால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டிவரும்.

குத்தும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால், பழச்சாறு ஒட்டியிருப்பதே எண்ணை ஏற்றிவிடும். விரல் நுனியில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலியும் குறைவு. மீட்டர் லேபைப் போலத் துல்லியமாக இருக்காது. 300 என்று காட்டினால் உண்மை 260-ஆகவோ 340-ஆகவோ இருக்கலாம். எதிர்பாராத எண் வந்தால் ஒருமுறை திரும்பப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 4: எண்ணைப் பார்த்து என்ன செய்வது

மாத்திரை மட்டும் சாப்பிடும் பெரியவர்களுக்கு எங்கள் மருத்துவர் சொன்ன எளிய கணக்கு இது. உங்கள் மருத்துவர் வேறு எல்லை சொன்னால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். வயது, சிறுநீரகம், இதயம் எல்லாம் பார்த்து அவர் சொல்வார்.

250-க்குள் இருந்து, உடம்பில் வேறு தொந்தரவும் இல்லையென்றால் சாப்பாட்டைக் கவனித்து, தண்ணீர் குடித்து, அளவெடுப்பதைத் தொடர்ந்தால் போதும். 250-க்கும் 300-க்கும் இடையில் ஒரு நாளைக்கு மேல் நின்றால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். 300-க்கு மேல் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் அன்றைக்கே போன் போடுங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம். 400-ஐத் தாண்டினாலோ, மீட்டர் எண் காட்டாமல் 'ஹை' என்று காட்டினாலோ நேரே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பெரும்பாலான மீட்டர்களில் 'ஹை' என்றால் 600-க்கு மேல் என்று பொருள்.

எண் எதுவாக இருந்தாலும் அடங்காத தாகம், ஓயாத சிறுநீர், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகமாக வாங்குதல், பேச்சில் குழப்பம், எழுப்பினாலும் எழாத தூக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் போன் போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, கிளம்புங்கள். டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலினே சுரக்காத வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், 250-ஐத் தாண்டினால் சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம்) பார்க்க வேண்டும். அதற்கான ஸ்ட்ரிப் மருந்துக் கடையில் கிடைக்கும். அவர்கள் எந்தக் காரணத்துக்காகவும் இன்சுலினை நிறுத்தக் கூடாது.

படி 5: மருந்து. இதில்தான் தப்பு நடக்கிறது

சுகர் ஏறியதும் நாமாக ஒரு மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளத் தோன்றும். செய்யாதீர்கள். மருத்துவரிடம் போனில் இப்படிச் சொல்லுங்கள்: "டாக்டர், நேற்று காலை 11 மணிக்கு அம்மாவின் முட்டியில் டிரையம்சினோலோன் 40 போட்டார்கள். இரவு 342, இன்று காலை 168, இப்போது மதியம் 355. காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500, காலையில் கிளிமிபிரைடு 1 சாப்பிடுகிறார். வாந்தி, காய்ச்சல் இல்லை." ஒரு நிமிடப் பேச்சில் அவருக்கு வேண்டியதெல்லாம் வந்துவிடும். 'சுகர் ரொம்ப ஏறிப்போச்சு' என்று மட்டும் சொன்னால் அவர் பத்துக் கேள்வி கேட்க வேண்டியிருக்கும்.

அவர் ஒன்றும் மாற்றாமல் காத்திருக்கச் சொல்லலாம். சில நாளுக்கு மட்டும் ஒரு மாத்திரையைக் கூட்டலாம். இன்சுலின் போடுபவருக்கு அளவை உயர்த்தலாம். போடாதவருக்கும் தற்காலிகமாக இன்சுலின் தரலாம். 'இன்சுலின் ஆரம்பிச்சா வாழ்நாள் முழுக்க' என்ற பயம் இங்கே வேண்டாம். ஊசியின் வேகம் அடங்கியதும் நிறுத்திவிடுவார்கள்.

அம்மாவுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை கூடுதலாக, நான்கு நாளுக்கு மட்டும் என்றார் டாக்டர். புதனிலிருந்து சனி வரை. அது நன்றாகவே வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை, "நல்லாத்தானே கேக்குது" என்று அம்மா ஐந்தாவது மாத்திரையையும் தானாகவே போட்டுக்கொண்டார், எனக்குத் தெரியாமல். சாயங்காலம் 6 மணிக்கு டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. நெற்றியிலும் பின்கழுத்திலும் சில்லென்று வியர்வை. பார்த்தால் 66. குளுக்கோஸ் பவுடரில் மூன்று டீஸ்பூன், சுமார் 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 94. அப்புறம் இரண்டு இட்லி சாப்பிட வைத்தேன். அன்றிரவு நான் தூங்கவில்லை. 2 மணிக்கும் ஒருமுறை எழுப்பிப் பார்த்தேன்.

ஏற்றத்தைவிட எனக்கு இந்த இறக்கம்தான் பெரிய பயம். ஸ்டீராய்டின் வேகம் குறைந்த பிறகும் கூட்டிய மருந்து அதே அளவில் தொடர்ந்தால், அது வேண்டாத இடத்தில் வேலை செய்யும். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் போடுபவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். அதனால் மருந்தைக் கூட்டச் சொல்லும்போதே, "எந்தத் தேதியோடு நிறுத்துவது டாக்டர்?" என்று கேட்டு, அந்தத் தேதியை நோட்டில் பெரிதாக எழுதிவிடுங்கள். கூடுதல் மாத்திரை அட்டையைச் சரியாக அத்தனை மாத்திரையோடு கத்தரித்துக் கொடுத்துவிடுங்கள், மீதி வீட்டில் கிடக்க வேண்டாம். அளவு 70-க்குக் கீழே போனால் குளுக்கோஸ் 15 கிராம், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸ் 108.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் வாந்தி, சாப்பிட முடியாமை இருந்தால் மருத்துவரிடம் கேட்டு அதை நிறுத்தி வைக்க வேண்டும். இவர்களுக்குச் சுகர் பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு.

வெந்தயத் தண்ணீர், பாகற்காய்ச் சாறு எல்லாம் வழக்கமாகச் சாப்பிடுபவர் தொடரலாம். 340-ஐ இறக்க அவற்றை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

படி 6: சாப்பாடு

ஊசி போட்டுக்கொண்டார் என்று தெரிந்ததும் உறவுக்காரர்கள் இளநீர், ஆப்பிள், ரஸ்க், சத்துமாவுக் கஞ்சி என்று கொண்டுவருவார்கள். அன்புதான், ஆனால் அந்த ஒரு வாரத்துக்கு அத்தனையும் எதிரி. குறிப்பாகக் கஞ்சியும் கூழும். கேழ்வரகு நல்லது என்பதால் கூழாக ஒரு சொம்பு குடிப்பவர்கள் உண்டு. மாவாக அரைத்துக் குழைய வேகவைத்தது வேகமாகச் செரித்து, வேகமாக ஏறும். அதையே களியாகவோ அடையாகவோ அளவாக, கீரையோடு சாப்பிட்டால் கொஞ்சம் தேவலை.

பட்டினி கிடக்கவும் கூடாது. மாத்திரை போட்டுவிட்டு வயிறு காய்ந்தால் சுகர் சரிந்துவிடும். வேளைக்குச் சாப்பிடுங்கள், தட்டை மட்டும் மாற்றுங்கள். நாங்கள் செய்தது: காலையில் நான்கு இட்லிக்குப் பதிலாக இரண்டு இட்லி, நிறையக் காய் போட்ட சாம்பார், ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டல். மதியம் சோறு ஒரு கரண்டி, அதைவிட அதிகமாகப் பொரியலும் கீரையும், ஒரு முட்டையோ மீனோ, மோர். முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோறு. அதிகம் ஏறுவது மதியத்துக்குப் பிறகு என்பதால் கை வைக்க வேண்டியதும் மதியச் சோற்றிலும் மாலைப் பலகாரத்திலும்தான். இரவு ஏழரைக்குள் இரண்டு தோசையோ சப்பாத்தியோ.

ஸ்டீராய்டு பசியையும் தூண்டும். அம்மா புதன்கிழமை நான்கு மணிக்கே, "என்னமோ வயித்தைக் கிள்ளுது" என்றார். அந்த நேரத்துக்கென்று வேகவைத்த கடலை, வெள்ளரிக்காய் எதையாவது தயாராக வைத்துவிட்டால் பிஸ்கெட் டப்பா திறக்காது.

சுகர் 180-ஐத் தாண்டும்போது சிறுநீரில் சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும், கூடவே உடம்பின் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். இதயம், சிறுநீரகக் காரணங்களுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லாதவர்கள் வெறும் தண்ணீர், சீரகத் தண்ணீர், உப்புக் குறைத்த மோர் என்று தாராளமாகக் குடிக்கலாம்.

படி 7: முட்டிக்கு ஓய்வு, உடம்புக்கு அசைவு

வலி குறைந்ததே என்று முதல் நாளே மாடி ஏறியது அம்மா செய்த பிழை. ஒன்றிரண்டு நாள் அந்த மூட்டுக்குப் பாரம் கொடுக்காமல் இருப்பது நல்லது. வீட்டுக்குள் மெதுவாக நடக்கலாம். சாப்பிட்ட பின் நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகளை உயர்த்தி இறக்குவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று பத்து நிமிடம் செய்தாலும் தசை கொஞ்சம் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும்.

முகம் சிவந்து சூடாக இருப்பது, ஓரிரு இரவு தூக்கம் வராதது, ஊசி போட்ட இடத்தில் முதல் இரண்டு நாள் வலி கூடுவது எல்லாம் ஸ்டீராய்டால் வருபவை, தானாக அடங்கும். ஆனால் வலி நாளுக்கு நாள் ஏறி, மூட்டு வீங்கிக் கொதித்து, காய்ச்சலும் வந்தால் அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். சுகர் இறங்க மறுப்பதும் அதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வேறு சிகிச்சைகளுக்குப் பின் ஏறினால்

அறுவை சிகிச்சை என்றால் உடம்பின் பதற்றமே சுகரை ஏற்றும். மயக்க மருந்தின்போது வாந்தி வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தருவதுண்டு. அதன் விளைவு ஒரு நாளளவு இருக்கும். தொங்கும் பாட்டிலையும் ஒரு பார்வை பாருங்கள்: 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லியில் 25 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. தேவைக்காகத்தான் ஏற்றுவார்கள் என்றாலும், "சுகர் உண்டு சிஸ்டர்" என்று நினைவூட்டுவதில் தவறில்லை. ஆஞ்சியோவுக்கும் சிடி ஸ்கேனுக்கும் போடும் சாய மருந்துக்காகச் சிலருக்கு மெட்ஃபார்மினை 48 மணி நேரம் நிறுத்துவார்கள். அந்த இடைவெளியிலும் கொஞ்சம் ஏறும். எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்று கேட்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

இரண்டு வாரமாகியும் இறங்கவில்லையென்றால்

அதற்கு மேல் ஊசியைக் காரணம் சொல்ல முடியாது. மருத்துவரிடம் போய் எச்பிஏ1சி எடுங்கள். அது சுமார் மூன்று மாதச் சராசரி என்பதால், ஐந்தாறு நாள் ஏற்றம் அதைப் பெரிதாக அசைக்காது. அதுவும் அதிகம் என்றால் ஊசிக்கு முன்பே கட்டுப்பாடு கைவிட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். சர்க்கரை நோயே இல்லை என்று நினைத்திருந்தவருக்கு ஊசிக்குப் பிறகு 200-ஐத் தாண்டினாலும் இதே சோதனை வேண்டும். உள்ளே மறைந்திருந்தது இப்போது தெரிந்திருக்கலாம்.

அதே மூட்டில் அடுத்த ஊசிக்குப் பொதுவாக மூன்று மாதமாவது இடைவெளி விடுவார்கள். அம்மாவுக்கு இடது முட்டிக்கு ஊசி போடப் போனபோது அந்தப் பழைய நோட்டை எடுத்துப் போனோம். எலும்பு மருத்துவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மருந்தின் அளவைக் குறைத்து எழுதினார். சர்க்கரை மருத்துவரிடம் முந்தின நாளே கேட்டு, எந்த எண்ணுக்கு என்ன மாத்திரை, எத்தனை நாள் என்று அடுத்த பக்கத்தில் எழுதி வாங்கியிருந்தோம். அந்த முறை அதிகபட்சம் 271, ஐந்தாம் நாள் 169.